ஜோடி ஓட்டு

ஹார்லன் ஓப்டாலும் அல்ஃபி டெலூக்காவும் வாஷிங்டனில் ஒரே வீட்டில் குடியிருந்தது இருவரின் தொகுதிகளிலும் பலருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சிலராவது முகம் சுளித்திருப்பார்கள். ஹார்லன் குடியரசுக் கட்சிக்காரர். மினசோட்டாவின் மேற்கு ஓரத்தில் கோதுமையும், சர்க்கரை ஆலைக்குப் போகும் சர்க்கரைக் கிழங்கும் விளையும் சமவெளியிலிருந்து வந்தவர். அல்ஃபி ஜனநாயகக் கட்சி. ரோட் ஐலண்டில் மூடிக்கிடக்கும் பஞ்சாலைகள் நிறைந்த ஊர் அவருடையது. இருவரும் ஒரே தேர்தலில் ஜெயித்துப் பிரதிநிதிகள் சபைக்கு வந்தவர்கள். வாடகைக்கு இடம் தேடி அலைந்தபோது ஒரே மாடி வீட்டின் வாசலில் ஒரே நேரத்தில் வந்து நின்றார்கள். இரண்டு படுக்கையறை, ஒரு சமையலறை. யார் விட்டுக்கொடுப்பது என்று மரியாதைக்குப் பேசிக்கொண்டே போய், கடைசியில் இரண்டு பேருமே எடுத்துக்கொண்டார்கள்.

அல்ஃபி சமைப்பார். ஹார்லன் பாத்திரம் கழுவுவார். நாற்பத்தாறு வயது வரை பூண்டின் வாசனையே அறியாத ஹார்லன், முதல் வாரம் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்தார். மூன்றாவது மாதத்தில் ஊருக்குப் போனபோது, மனைவி மார்டெல் வைத்த உருளைக்கிழங்குக் கறியைச் சாப்பிட்டுவிட்டு, இதில் என்னமோ குறைகிறது என்று வாய்தவறிச் சொல்லி, அந்த வாரம் முழுக்கப் பேச்சு வாங்கினார்.

சாப்பாட்டுக்குப் பிறகு சண்டை. அதற்கு விஷயம் தேட வேண்டியதில்லை, போர் இருந்தது. வியட்நாமில் ஒப்பந்தம் கையெழுத்தாகி, கைதிகள் வீடு திரும்பி, எல்லாம் முடிந்தது என்று ஊரே மூச்சுவிட்ட பிறகும், பக்கத்து நாடான கம்போடியா மீது அமெரிக்க விமானங்கள் தினமும் குண்டு போட்டுக்கொண்டிருந்தன.

"அந்த நாட்டு மேல சண்டை போடலாமான்னு நம்மள யாராவது கேட்டாங்களா? நீ ஓட்டுப் போட்டியா? நான் போட்டேனா?" என்று அல்ஃபி கரண்டியை ஆட்டிக்கொண்டு கேட்பார். மக்கள் நம்மை இங்கே அனுப்பியதே இதைக் கேட்கத்தானே என்பது அவர் வாதம். ஹார்லன் அதை மறுக்கமாட்டார். கேட்டிருக்க வேண்டும்தான். ஆனால் பையன்கள் இப்போது வானத்தில் இருக்கிறார்கள். அவர்கள் மேலே இருக்கும்போது கீழே உட்கார்ந்திருப்பவன் பணத்தை நிறுத்துவது அயோக்கியத்தனம் என்பார். அவர் முந்தைய பெரிய போரில் ஜெர்மனி மீது பறந்து குண்டு வீசியவர். அல்ஃபி அதே போரில் காலாட்படையில் இத்தாலியை நடந்தே கடந்தவர். அவருடைய அம்மா பிறந்த ஊரை அவர் முதன்முதலாகப் பார்த்தபோது அங்கே சுவர்கள் மட்டும் நின்றன.

"நீ மேலேருந்து போட்டுட்டுப் போயிட்டே. நான் கீழ நடந்து வந்தேன். அதான் நமக்குள்ள இருக்கிற வித்தியாசம்" என்று அல்ஃபி ஒருமுறை சொன்னார். அன்று ஹார்லன் ஒரே தட்டை வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தார். அதன் பிறகு அந்த வார்த்தையை அல்ஃபி எடுக்கவே இல்லை.

1973-ஆம் வருடக் கோடையில் அது வாக்கெடுப்புக்கு வந்தது. கம்போடியா மீது குண்டு போட இனிமேல் ஒரு காசும் கிடையாது என்று மேலவை ஒரு செலவு மசோதாவில் ஒரு வரியைச் சேர்த்து அனுப்பியிருந்தது. அந்த வரியைக் கீழவை ஏற்பதா, தள்ளுவதா என்பதுதான் கேள்வி. ஏற்க வேண்டும் என்பவர்கள் பக்கம் அல்ஃபி பல வாரங்களாக ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். ஹார்லனைத் தவிர எல்லாரிடமும் பேசிவிட்டார். ஹார்லனிடம் பேசுவது மரியாதை இல்லை என்று நினைத்தார்.

வாக்கெடுப்பு நாள் காலையில் ஹார்லன் சவரம் செய்யப் போனபோது, அல்ஃபி குளியலறைத் தரையில் சுருண்டு கிடந்தார். முகம் வெளுத்து, வேர்த்து, இத்தாலிய மொழியில் எந்தெந்தப் புனிதரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சிறுநீரகக் கல். ஹார்லன் அவரை இரவு உடுப்போடு தூக்கிக் காரில் போட்டார். வழியில் சிவப்பு விளக்குகளில் எல்லாம் ஹார்லன் ஒழுங்காக நின்றதாகவும், அந்தப் பாவத்தை அவர் கும்பிடும் லுத்தரன் திருச்சபைக் கடவுள்கூட மன்னிக்கமாட்டார் என்றும் அல்ஃபி பின்னால் பலரிடம் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் கொஞ்சம் வலி அடங்கியதும், அல்ஃபி ஹார்லனின் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஜோடி குடுப்பியா?"

சபையில் அப்படி ஒரு பழைய வழக்கம் இருந்தது. ஒரு உறுப்பினர் வர முடியாமல் போனால், எதிர்ப்பக்கத்து உறுப்பினர் ஒருவர் மனசு வைத்து அவரோடு ஜோடி சேரலாம். வந்தவர் எழுந்து, நான் இந்தப் பக்கம் போட்டேன், வராத என் ஜோடி அந்தப் பக்கம் போட்டிருப்பார், ஆகவே என் ஓட்டைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுவார். இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். சட்டம் எதுவும் இல்லை. வெறும் வாய் வார்த்தை. சின்ன விஷயங்களுக்குத்தான் பெரும்பாலும் கொடுப்பார்கள்.

ஹார்லன் யோசிக்கவில்லை. "குடுத்தேன். நீ படு" என்றார்.

"உங்க ஊர்க்காரங்க உன் தோலை உரிச்சிடுவாங்கடா."

"அது என் தோல். நீ படுன்னு சொன்னேன்ல."

சபைக்குள் நுழைகிற இடத்திலேயே அவருடைய கட்சியின் கொறடா காத்துக்கொண்டு நின்றார். தினமும் தலைகளை எண்ணியே ஒரு பக்கம் சாய்ந்துபோன கழுத்து அவருக்கு. ஹார்லனை ஒரு தூணோரமாக அழைத்துப் போய், கணக்கு நூல் பிடித்ததுபோல் சரிசமமாக இருக்கிறது என்றார். சமமானால் தீர்மானம் தோற்கும். அதுதான் நமக்கு வேண்டியது. ஒருத்தர் பிசகினாலும் போச்சு. ஹார்லன் ஜோடி கொடுத்ததைச் சொன்னார். கொறடா சிரித்தார். பிறகு அது வேடிக்கை இல்லை என்று புரிந்து சிரிப்பை நிறுத்தினார்.

"ஜோடிங்கறது ஒரு உபசாரம், ஹார்லன். வேதம் இல்ல. அந்த மனுஷன் மயக்கத்துல கெடக்கான். உங்கிட்ட என்ன கேட்டான்னு அவனுக்கே ஞாபகம் இருக்காது."

"அவனுக்கு மறந்தா நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும். அது இன்னும் சங்கடம்" என்றார் ஹார்லன்.

கொறடா அப்போது டுவேன் ஹவுகனின் பெயரைச் சொன்னார். அவருக்கு எல்லாத் தொகுதியிலும் யாருடைய மகன் எங்கே பறக்கிறான் என்று தெரியும். டுவேன், ஹார்லனின் வயலை அடுத்த வயல்காரர் ஆர்னி ஹவுகனின் ஒரே மகன். பசிபிக் கடலில் குவாம் தீவிலிருந்து கிளம்பும் பெரிய குண்டு விமானம் ஒன்றில் வழி கணிப்பவன். போன அக்டோபரில், தேர்தலுக்கு முன், ஆர்னியின் சமையலறையில் உட்கார்ந்து ஹார்லன் சொல்லியிருந்தார்: பையன் மேலே இருக்கும்வரை அவன் விமானத்துக்குப் போகிற பணத்தில் நான் கை வைக்கமாட்டேன்.

ஹார்லன் தன் இருக்கையில் போய் உட்கார்ந்தார். அந்த வருடம்தான் சபையில் ஓட்டுப் போட மின்பெட்டிகள் வைத்திருந்தார்கள். அட்டையைச் செருகிப் பொத்தானை அழுத்தினால், சுவரில் உயரமாக எல்லாருடைய பெயர்களுக்கும் பக்கத்தில் விளக்கு எரியும். ஹார்லன் அழுத்தினார். அவர் பெயருக்கு எதிரே சிவப்பு எரிந்தது. அதுதான் அவருடைய உண்மையான ஓட்டு. அதை அவர் எடுக்கப்போவது மனசு மாறி அல்ல என்பதை யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள் என்று அப்போதே அவருக்குத் தெரிந்தது.

நேரம் முடிகிற சமயத்தில் இரண்டு பக்கமும் ஒரே எண் நின்றது. ஹார்லன் எழுந்தார்.

"சபாநாயகர் அவர்களே, நான் எதிர்த்து வாக்களித்தேன். ரோட் ஐலண்ட் உறுப்பினர் திரு. டெலூக்காவோடு எனக்கு ஜோடி உண்டு. அவர் வந்திருந்தால் ஆதரித்து வாக்களித்திருப்பார். ஆகவே என் வாக்கைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்."

சிவப்பு அணைந்து மஞ்சள் எரிந்தது. ஒரு வாக்கு வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது. எதிர் வரிசைகளில் கைதட்டல் கிளம்பியது. யாரோ ஹார்லனின் முதுகில் தட்டினார்கள். நான் உங்கள் ஆள் இல்லை என்று அவர் சொன்னார். சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. அவருடைய சொந்த வரிசையில் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்தார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அல்ஃபி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"எத்தனைல ஜெயிச்சோம்?"

"ஒண்ணு."

அல்ஃபி சிரிக்க வாயெடுத்தார். சிரிப்பு வரவில்லை. கணக்கு அவருக்குள் போய் இறங்குவதை ஹார்லன் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்போ… ஹார்லன், எனக்கு வேற யாராவது ஜோடி கெடைச்சிருப்பாங்களே. உங்கிட்டப் போய் ஏன் கேட்டேன்?"

"நான்தான் பக்கத்துல நின்னேன்" என்றார் ஹார்லன். பிறகு, சாப்பிட என்ன கொடுத்தார்கள் என்று கேட்டார். அல்ஃபி ஆஸ்பத்திரிக் கஞ்சியைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். இருவருக்கும் அது ஆறுதலாக இருந்தது.

ஊரில் செய்தித்தாள் "ஓப்டால் பின்வாங்கினார்" என்று கொட்டை எழுத்தில் போட்டது. மார்டெல் தொலைபேசியில், திட்டியவர்களை எல்லாம் தானே சமாளித்துக்கொண்டதாகவும், பாதிரியார் மட்டும் நல்லபடியாகப் பேசினார், அதுவும் வானிலையைப் பற்றித்தான் என்றும் சொன்னாள். கடைசியில் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"ஆர்னி வந்திருந்தான். முற்றத்துலயே நின்னான். நீ எப்ப வருவேன்னு கேட்டான். அவ்வளவுதான். அவன் கோபமா இருந்தா எனக்குப் பயம் இருந்திருக்காது."

ஜூலை விடுமுறையில் ஹார்லன் ஊருக்குப் போனதும், பழைய படைவீரர் மன்றத்தில் தானே ஒரு கூட்டம் கூட்டினார். வேண்டாம், இலையுதிர்காலத்துக்குள் மறந்துவிடுவார்கள் என்று கட்சிக்காரர்கள் சொன்னார்கள். கேட்கிறவன் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டான், இனி என்ன ஒளிந்துகொள்வது என்றார் அவர்.

மன்றம் நிறைந்திருந்தது. பெண்கள் பெரிய பாத்திரத்தில் காபி போட்டு, அடுப்பில் வாட்டிய கறிப் பண்டங்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். கோபம் வேறு, சாப்பாடு வேறு. ஹார்லன் மேடையேறப் போகும்போது கதவைத் திறந்துகொண்டு, வெளிறிய முகமும் பளபளக்கும் காலணியுமாக, கையில் நூல் சுற்றிய ஒரு பெரிய பன்றி இறைச்சிச் சுருளோடு அல்ஃபி டெலூக்கா வந்தார். இரண்டு விமானமும் ஒரு பஸ்ஸும் மாறி வந்திருந்தார். வரப்போவதாகச் சொல்லவே இல்லை. மார்டெல் அவரைப் பார்த்ததும் முதலில் நாற்காலி போட்டாள். அப்புறம்தான் ஏன் வந்தாய் என்று கேட்டாள்.

ஆர்னி ஹவுகன்தான் முதலில் எழுந்தார். நெடிய உருவம், அதிகம் பேசாதவர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அக்டோபர்ல என் வீட்டு மேஜையில உக்காந்து ஒண்ணு சொன்னே, ஹார்லன். அது பொய்யா?"

"பொய் இல்ல. இன்னைக்கும் அதையே சொல்வேன். அப்படித்தான் ஓட்டும் போட்டேன். அப்புறம் எடுத்துட்டேன்."

ஜோடி என்பதை ஹார்லன் விளக்கினார். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பின்வரிசையிலிருந்து ஒருவர், இது என்ன நடனமா ஜோடி சேர்வதற்கு என்றார். அப்போது அல்ஃபி எழுந்துவிட்டார். அந்த ஊரில் யாரும் பேசும்போது கையை அசைப்பதில்லை. அல்ஃபிக்குக் கையை அசைக்காமல் பேசத் தெரியாது. இதில் ஹார்லன் மேல் தப்பே இல்லை, வலியில் கிடந்த தான்தான் அவரை வற்புறுத்தியது, பழி எல்லாம் தனக்கும் தன் சிறுநீரகத்துக்கும்தான் என்று அவர் ஆரம்பித்தார். கல்லின் அளவை விரலில் காட்டினார். சிரிக்கக் கூடாது என்று இருந்தவர்களுக்கும் உதடு கோணியது.

"அல்ஃபி, உக்காரு" என்றார் ஹார்லன்.

அல்ஃபி உட்கார்ந்தார்.

"அவன் ஒண்ணும் பண்ணல. வற்புறுத்தவும் இல்ல. நான்தான் பண்ணினேன். உள்ள போகும்போதே கணக்கு எனக்குத் தெரியும். என் ஒரு ஓட்டுல எது விழும்னு தெரிஞ்சேதான் எழுந்தேன்." ஹார்லன் ஆர்னியை மட்டும் பார்த்துப் பேசினார். "ஆர்னி, இந்தச் சண்டைக்கு உன் மகனை அனுப்பலாமான்னு என்னை யாரும் கேட்டதில்ல. வந்த பணத்துக்குக் கையெழுத்துப் போட்டதோட சரி. முதல் தடவையா இப்பத்தான் சபையைக் கேட்டாங்க. சபையில நெஜமாவே ஒரு ஆள் நிறுத்தணுங்கற பக்கம் அதிகமா இருந்தாங்க. அதுல ஒருத்தன் ஆஸ்பத்திரியில கெடந்தான். அவன் வரல, நல்லதாப் போச்சுன்னு நான் வாயை மூடிக்கிட்டிருந்தா, நாடு சொல்லாத ஒண்ணைச் சொன்னதா ஆயிடும். டுவேன் நம்ம எல்லார் பேரையும் சுமந்துக்கிட்டுத்தான் மேல பறக்கிறான். அந்தப் பேர்ல திருட்டுத்தனம் இருக்கக் கூடாது."

ஆர்னி தொப்பியைக் கையில் ஒருமுறை திருப்பினார்.

"நல்லாத்தான் சொல்றே" என்றார் ஆர்னி. "ஆனா ஹார்லன், அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா, இதெல்லாம் என் காதுல ஏறாது. நானும் முன்கூட்டியே சொல்லிடறேன்."

"ஏற வேண்டாம்" என்றார் ஹார்லன். "நான் வந்து உன் வாசல்ல நிப்பேன். நீ என்ன சொன்னாலும் கேட்டுக்குவேன்."

ஆர்னி தலையசைத்துவிட்டு உட்கார்ந்தார். பிறகு மற்றவர்கள் கேட்டார்கள். சிலர் திட்டினார்கள். மகனை அந்தப் போரில் ஏற்கெனவே பறிகொடுத்த ஒரு அம்மா, யாராவது இப்படி ஒரு கூட்டம் ஐந்து வருடத்துக்கு முன்பு போட்டிருக்கலாம் என்றாள். போட்டிருக்க வேண்டும்தான் என்றார் ஹார்லன்.

கூட்டம் கலையும்போது ஹார்லன் திரும்பிப் பார்த்தார். ஆர்னி ஹவுகன் அல்ஃபியின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். தனக்கும் இரண்டு முறை கல் வந்ததாகவும், டாக்டர் பேச்சை நம்பாமல் பார்லித் தண்ணீரை வாளி வாளியாகக் குடிக்க வேண்டும் என்றும் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அல்ஃபி ஒரு பாடம் படிக்கிறவர்போல் கேட்டுக்கொண்டிருந்தார். ஹார்லனிடம் ஆர்னி ஒரு வார்த்தையும் பேசாமல் போனார். ஆனால் அந்த இறைச்சிச் சுருளில் பாதி அவர் கக்கத்தில் இருந்தது.

குண்டுவீச்சு ஆகஸ்ட் நடுவில் நின்றது. கீழவை ஏற்ற அந்த வரி அப்படியே சட்டமாகவில்லை. ஜனாதிபதி மறுத்து, பேரம் பேசி, கடைசியில் ஒரு தேதி ஒத்துக்கொள்ளப்பட்டது. அதுவரை தினமும் காலையில் ஹார்லன் முதலில் பார்த்தது விழுந்த விமானங்களின் செய்தியைத்தான். அல்ஃபி அவருக்கு முன்பே எழுந்து செய்தித்தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, மேஜையில் மடித்து வைத்து, "ஒண்ணும் இல்ல, சாப்பிடு" என்பார். டுவேன் ஹவுகன் அக்டோபரில் வீடு வந்து சேர்ந்தான்.

நவம்பரில் வேறொரு சட்டம் வந்தது: படைகளைப் போருக்கு அனுப்பும் ஜனாதிபதி சபையிடம் சொல்லியாக வேண்டும், சபை ஒப்புக்கொள்ளாவிட்டால் திரும்ப அழைத்தாக வேண்டும் என்று. ஜனாதிபதி மறுத்தும் சபை அதை மீண்டும் நிறைவேற்றியது. அதில் அல்ஃபியும் ஹார்லனும் ஒரே பக்கம் வாக்களித்தார்கள். அன்று இரவுச் சாப்பாட்டில் இருவருக்கும் பேச ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. உப்பை நகர்த்திக்கொண்டார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டார்கள். கடைசியில் அல்ஃபி தாங்க முடியாமல், சர்க்கரைக் கிழங்கு விவசாயிகளுக்கு அரசாங்கம் கொட்டிக் கொடுப்பது பகல் கொள்ளை என்றார். ஹார்லன் நிம்மதியாக நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அடுத்த வருடம் அறுவடைக்கு முன் ஆர்னி ஹார்லனின் வீட்டுக்கு வந்தார். இந்தத் தடவை உனக்கு ஓட்டுப் போடப் போவதில்லை, எதிராளிக்குத்தான் என்றார்.

"மகன் நல்லபடியா வந்துட்டான். உன்மேல எனக்குக் கோபம் இல்ல. ஆனா எங்கிட்ட சொன்னதுக்கு மேல இன்னொருத்தன்கிட்ட சொன்னதை வச்சே. அது எனக்குச் சரியாப் படல. அதை உங்கிட்ட நேர்ல சொல்லாம பெட்டியில போட்டா, அது அதைவிட மோசம்."

"சொன்னதுக்கு நன்றி" என்றார் ஹார்லன். மனசாரத்தான் சொன்னார்.

அந்தத் தேர்தலில் நாடெங்கும் அவருடைய கட்சிக்கு அடி விழுந்தது. ஹார்லனும் தோற்றார். அந்த ஒரு ஓட்டினால்தானா, தலைநகரில் நடந்த ஊழலின் கோபத்தினாலா, மழை பெய்யாததினாலா என்று கடைசிவரை யாராலும் சொல்ல முடியவில்லை. மார்டெலுக்குத் தன் கருத்து இருந்தது, அவள் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் தொலைபேசி அடித்தது. அல்ஃபி அவருடைய தொகுதியில் எப்போதும்போல் அமோகமாக ஜெயித்திருந்தார். ஆனால் ஹலோ சொன்னதும் அந்த முனையில் அழுகைதான் கேட்டது. இனி யாருக்குச் சமைப்பேன், புதிதாக வருகிறவன் தட்டைச் சரியாகக் கழுவுவானா, எல்லாம் என்னால்தானே என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே போனார். ஹார்லன் ஜன்னல் ஓரத்தில் நின்று, வெளியே உழுது போட்ட வயலைப் பார்த்துக்கொண்டு, இல்லை அல்ஃபி, அப்படி இல்லை, மூஞ்சியைத் துடைத்துக்கொள், ஜெயித்த மனுஷன் இப்படி அழலாமா என்று வெகுநேரம் அவரைத் தேற்றிக்கொண்டிருந்தார்.